மூத்தவளுக்கு ஒரு பெட்டி

மாமனாருக்கு இரண்டு பெண்கள் என்று கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் யாரும் மூச்சு விடவில்லை. அவன் கட்டிக்கொண்டது இளையவளை. மூத்தவள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், போர்வை போர்த்திக்கொண்டு நின்றாள். இரண்டே கதவும் நீள மூக்கும் பாலேட்டு நிறமுமாக ஒரு பழைய கார். மாமியார் காலமான மறுமாதம், கோழிகள் அடைந்து கிடந்த அந்தக் காரை எங்கிருந்தோ வாங்கி வந்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டி, உயிர் கொடுத்திருந்தார் மாமனார்.

"எனக்கு இவதான் மூத்தவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சொந்தப் பெண்ணுக்கு அதில் வருத்தமில்லை, கேலிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா குளிச்சு முடிச்சாச்சா? கட்டின பொண்டாட்டி பக்கமும் கொஞ்சம் திரும்புறது" என்பாள். மாப்பிள்ளை கையில் துணியும் வாளியுமாக அசடு வழிவான்.

மாமனார் தையல்காரர். கோட்டு தைப்பதில் மனுஷர் புலி. அவர் கடையில் துணி வெட்டுவது மாப்பிள்ளை. குடியிருப்பது அவர் வீட்டு மாடியில். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாமலிருக்க ஊருக்கு வேறு என்ன வேலை?

மாமனார் கெட்டவரா என்றால், இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் காரியம் சுலபம், சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எட்டு வருஷத்தில் ஒரு சுடுசொல் கிடையாது. 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை' என்று மரியாதைக்கும் குறைவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். 'நாம'. "நாளைக்குக் கடையை நாம சீக்கிரம் திறந்துடுவோம்" என்றால் மாப்பிள்ளை விடிவதற்குள் எழுந்து போய்த் திறக்க வேண்டும். "மூத்தவளுக்கு நாம எண்ணெய் மாத்திடலாம்" என்றால் மாப்பிள்ளை காருக்கடியில் மல்லாந்து படுக்க வேண்டும். 'நீங்க செய்யுங்க' என்று சொல்லியிருந்தால் 'முடியாது' என்று சொல்ல ஒரு இடம் இருந்திருக்கும். 'நாம'வில் அந்த இடம் இல்லை. கேட்கிறவனையும் உள்ளே இழுத்துப் போட்டுச் சாத்திக்கொள்கிற சொல் அது.

அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வெட்டும் பகுதிக்கு மேற்பார்வை. குடியிருக்க வீடும் கொடுக்கிறார்கள். மனைவிக்கும் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வழியிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாமனாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறப் போட்டு ஆறப் போட்டு, விஷயம் ஊசிப் போகிற நிலைக்கு வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் மூத்தவளைப் பழைய கார் கண்காட்சிகளுக்கு ஏற்றிப் போக, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு பெட்டி டிரெய்லர் வாங்கலாம் என்று மாமனார் கிளம்பினார். மாமனாருக்கு இடது முட்டி போய்விட்டது. கிளட்ச் இல்லாத ஜீப்பை ஓட்டுவார். மூத்தவளின் கிளட்சை மிதிக்க அவரால் ஆகாது. அவளை ஏற்றவும் இறக்கவும் ஒருத்தன் வேண்டும். அந்த ஒருத்தன் யார் என்று யாரும் கேட்கவே இல்லை.

காலையில் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"நான் சொன்னா, பொண்ணு ஏதோ கோவத்துல பேசுறா, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நினைப்பாரு. நீங்கதான் சொல்லணும். அந்தப் பொட்டியை வாங்குறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க. வாங்கிட்டாருன்னா அப்புறம் உங்களால வாயே திறக்க முடியாது. எனக்கு உங்களைத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அதுதான் அவனுக்கு எரிச்சல்.

டிரெய்லர் விற்கிற திடல் ஊருக்கு வெளியே இருந்தது. வெள்ளைப் பெட்டிகள் வரிசை வரிசையாக வெயிலில் நின்றன. மாமனார் ஜீப்பில் முன்னால் போக, மாப்பிள்ளை மூத்தவளை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான். வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தான். 'மாமா, ஒரு விஷயம்.' 'மாமா, தப்பா நினைக்கக் கூடாது.' 'மாமா, எனக்கு ஒரு வேலை.' ஒவ்வொன்றும் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது.

டை கட்டிய விற்பனைக்காரர் ஓடிவந்தார்.

"திறந்ததா சார், மூடினதா?"

"மூடினது. போன தடவை திறந்ததுல கொண்டுபோய் நெத்தியில கல்லு அடிச்சுடுச்சு."

விற்பனைக்காரர் மாமனாரின் நெற்றியைக் கவலையோடு பார்த்தார்.

"எனக்கில்லைய்யா. அவளுக்கு" என்று மாமனார் காரைக் காட்டினார்.

முதலில் காட்டியது நல்ல அகலமானது. உள்ளே காரை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் ஆள் நடக்கலாம். பக்கவாட்டில் பெரிய கதவு ஒன்றும் இருந்தது. மாமனார் உள்ளே போய் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"தொளதொளன்னு இருக்கே. மூத்தவ உள்ள கிடந்து ஆடுவா. பொட்டியில எதுக்கு இவ்வளவு பெரிய ஓட்டை? தூசி வராதா?"

"டிரைவர் இறங்குறதுக்கு சார்…"

"இறங்குறதெல்லாம் நாம இறங்கிக்குவோம். உடம்போட ஒட்டி நிக்குற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவினார். கடையை விட்டு வெளியே வந்தாலும் நாடா கழுத்தை விட்டுப் போகாது. மூத்தவளின் இடுப்பை அளந்தார், தோளை அளந்தார், குனிந்து அடிவயிற்றையும் அளந்தார். பிறகு அடுத்த வரிசையில் இருந்த ஒல்லியான பெட்டி ஒன்றை அளந்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரு ஜாண். கச்சிதம்!" என்று நாடாவைச் சுருட்டினார்.

கோட்டுக்கு அளவு எடுக்கும்போது கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள் என்று ஆளைப் பாடாய்ப் படுத்துகிற மனுஷர். காரிடம் கதவைத் திற என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையும் தினமும் துணி வெட்டுகிறவன்தான். அவனுக்கும் உறைக்கவில்லை. அவன் 'மாமா, ஒரு விஷயம்' வரைக்கும் வந்திருந்தான்.

"மாமா, ஒரு…"

"ஆமா, ஒரு தடவை நாம உள்ள ஓட்டிப் பார்த்துடுவோம். அதானே சொல்ல வந்தீங்க?"

மாப்பிள்ளை தலையாட்டினான். தலையாட்டியதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. போய் வண்டியில் ஏறினான்.

சாய்வுப் பலகையில் மூத்தவள் முனகிக்கொண்டே ஏறினாள். மாமனார் பின்னாலிருந்து, "நேரா, நேரா, ஒரு நூல் வலது" என்று சொல்லச் சொல்ல, வெளிச்சம் பின்னுக்குப் போய் இரண்டு பக்கமும் சுவர் வந்தது. புகை அடிக்கும் என்று இன்ஜினை அணைக்கச் சொன்னார் விற்பனைக்காரர். சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்தார். மாப்பிள்ளை கதவைத் திறந்தான். நாலு விரல் திறந்ததும், டிரெய்லரின் சக்கரத்துக்காக உள்ளே எழும்பி நின்ற இரும்பு மேட்டில் கதவு 'டங்'கென்று இடித்தது.

"பெயின்ட்டு! பெயின்ட்டு!" என்று மாமனார் அலறினார்.

அந்தப் பக்கக் கதவும் அதே கதைதான். இரண்டு கதவுக் காருக்குக் கதவு நீளம். அது திறக்க இடம் அதிகம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி கால்வாசி இறங்கி நின்றுவிட்டது. அது பழைய கோளாறு. அசல் உதிரிப்பாகம் கிடைக்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாது என்பது மாமனார் உத்தரவு. வந்த வழியே பின்னால் எடுக்கலாம் என்று சாவியைத் திருப்பினால் இன்ஜின் இருமியது. இன்னொரு தடவை திருப்பினான். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்ததே தவிர மூத்தவள் அசையவில்லை. சூடானால் அவள் அப்படித்தான், மனசு வைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"பயப்படாதீங்க சார், தள்ளுறதுக்கு ஆள் கூட்டிட்டு வரேன்" என்று விற்பனைக்காரர் ஓடினார்.

மாப்பிள்ளை பயந்துதான் போயிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சை இழுத்தால் பெட்ரோலும் சூடும்தான் உள்ளே போயின. இங்கேயே செத்தாலும் முதலில் பெயின்ட்டைத்தான் பார்ப்பார்கள் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. எட்டு வருஷமாக ஒருத்தரும் தன்னைப் பூட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தானே ஓட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

பெட்டியின் முன்பக்கம் இருந்த சின்னக் கதவு வழியாக மாமனார் உள்ளே வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காரின் மூக்குக்கு எதிரே நின்றார். முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவன்.

"பதறாதீங்க மாப்பிள்ளை. நாம மெதுவா வெளியில வந்துடுவோம்."

அந்த 'நாம' அவனுக்குச் சுருக்கென்றது. அவர் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் வெயில்.

"அளவுல கோட்டை விட்டுட்டேன். இதுக்கு ஒரு சுத்து பெருசா எடுப்போம். எடுத்துட்டா, வர்ற கண்காட்சிக்கு நாம போறோம். அடுத்த வருஷம் இன்னும் தூரமா ஒண்ணு இருக்கு, அதுக்கும் நாம…"

"மாமா."

"சொல்லுங்க."

"நாங்க போறோம்."

கண்ணாடியைப் பார்த்து, ஜன்னல் இடுக்கு வழியாக, அவனே எதிர்பாராமல் வந்து விழுந்தது. இத்தனை நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் இல்லை. இரண்டே வார்த்தைகள்.

"எங்க, கண்காட்சிக்கா?"

"இல்ல மாமா. வேற ஊருக்கு. எனக்கு வேலை கிடைச்சிருக்கு. நாங்க அங்கேயே போயிடுறோம்."

மாமனார் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். "நாங்க." துணியின் தரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பதுபோல இன்னொரு தடவையும் சொன்னார். அந்தச் சொல்லில் தனக்கு இடமில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது.

"அவளுக்குத் தெரியுமா?"

"அவதான் சொல்லச் சொன்னா."

"எப்பலேருந்து யோசனை?"

"ரொம்ப நாளா மாமா."

மாமனார் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, தூசியே இல்லாத காரின் மூக்கைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"வீட்டுல கதவெல்லாம் திறந்துதானே மாப்பிள்ளை இருந்துச்சு. இங்க வந்து, இப்படி மாட்டிக்கிட்டா சொல்லணும்?"

அவன் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தான். கேட்டால் அவர் 'பரவாயில்ல, நாம பார்த்துக்குவோம்' என்று சொல்லிவிடுவார், தானும் தலையாட்டிவிடுவோம் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆட்கள் வந்தார்கள். கட்டையை எடுத்துவிட்டு, ஒருவர் 'விடு விடு' என்க, ஒருவர் 'பிடி பிடி' என்க, மூத்தவள் பின்பக்கமாக வெயிலுக்கு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை இறங்கித் தள்ளாடி நின்றான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தான். காற்று முகத்தில் அடித்தது. சொல்லியாகிவிட்டது, உயிரோடும் இருக்கிறோம் என்று உடம்பெல்லாம் லேசானது.

மாமனார் அவன் பக்கம் வரவில்லை. விற்பனைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒத்தை ஆளா ஏத்தி இறக்குற மாதிரி ஏதாவது இருக்கா?"

"ஒத்தை ஆளுன்னா சார்…?"

"உள்ள உக்காந்து ஓட்ட ஆள் இல்லைன்னு வச்சுக்குங்க."

"ஓ! வின்ச் வச்சது இருக்கு சார். முன்னாடி ஒரு மோட்டார், அதுல கம்பி வடம். கொக்கியை வண்டியில மாட்டிட்டு பொத்தானை அழுத்தினா அதுவே இழுத்துக்கும். வயசானவங்க நிறைய பேரு அதைத்தான் எடுக்குறாங்க."

"காட்டுங்க."

மூத்தவளை அந்தப் பெட்டிக்கு நேரே தள்ளி நிறுத்தினார்கள். கொக்கியை மாட்ட, காருக்கு முன்னால் தரையில் குனிய வேண்டியிருந்தது. மாமனார் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடது காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கினார். வலியில் முகம் சுருங்கியது. மாப்பிள்ளைக்குப் பழக்க தோஷம். ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டி போட்டு, கொக்கிக்குக் கை நீட்டினான்.

மாமனார் கொக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபமில்லை. மரியாதையும் குறையவில்லை.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை. நான் பண்ணிப் பழகணும்."

மாப்பிள்ளை எழுந்து தள்ளிப் போனான். இவ்வளவு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'நான் பண்ணணும்' என்று கேட்டது இன்றைக்குத்தான். அதைத்தான் கேட்க ஆசைப்பட்டான், கேட்டதும் வலித்தது. கொக்கி இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டது. காரைப் பிடித்துக்கொண்டு எழுந்த மாமனார், விற்பனைக்காரர் நீட்டிய பொத்தானை வாங்கி அழுத்தினார். மோட்டார் உறுமியது. உள்ளே யாரும் உட்கார்ந்திராத மூத்தவள் தானாகச் சாய்வில் ஏற ஆரம்பித்தாள். அவள் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மாமனார் நொண்டி நொண்டிக் கூடவே ஏறினார்.

மாப்பிள்ளை வெயிலில் நின்றான். பாதியில் கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கூப்பிடவில்லை.