வேரோடு எடுக்கவும்

பறவைக்குத் தீனி வைத்தால் கீழே காடு முளைக்கும் என்று கடைக்காரர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். பஸ் டிப்போவில் கிழிந்த சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைக்கிற வேலை எனக்கு. அங்கே நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தம், அறைக்கு வந்தால் பிரிட்ஜ் சத்தம். பேச ஆள் கிடையாது. அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் ஆளுயரக் கம்பு ஒன்றை நட்டு, அடியில் சிமென்ட் போட்டு இறுக்கி, தீனிக் கூண்டைத் தொங்கவிட்டேன். நாலே நாளில் கூட்டம் சேர்ந்துவிட்டது. காலையில் நான் பல் தேய்க்கும்போதே வந்து உட்கார்ந்து, "என்ன, இன்னைக்கு லேட்டு?" என்கிற மாதிரி பார்ப்பார்கள்.

தின்பதைவிடச் சிந்துவதுதான் அதிகம். அதிலும் வால் நீண்ட ஒருத்தன், பிடிக்காததையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி வீசுவான். மூன்றாவது வாரம் கம்பைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று ஒரு வட்டம். சூரியகாந்தி, தினை, பெயர் தெரியாத ஏதேதோ.

கையால் பிடுங்கினேன். இந்த ஓரத்தை முடிப்பதற்குள் அந்த ஓரம் தலைதூக்கியது. சரி, வறுத்த விதை முளைக்காதே என்று வாணலியில் போட்டு வறுத்தேன். முளைக்கத்தான் இல்லை. ஆனால் பாதி கருகிவிட்டது. விருந்தாளிகள் ஒரு வாய் வைத்துவிட்டு இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் டிப்போவிலிருந்து ரெக்சின் துண்டுகளைக் கொண்டுவந்து கீழே விரித்தேன். ஒரே மழை. ரெக்சின் மேல் குளம் கட்டி, விதையெல்லாம் மிதந்து எங்கேயோ போனது. எங்கே என்று நான் பார்க்கவில்லை. கம்புக்கடியில் சுத்தமாக இருந்தது, எனக்கு அது போதும்.

வீட்டுக்காரம்மா மாடியில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிற வேலை. அங்கே பேசிப் பேசி வாய் வலிப்பதால் வீட்டில் வாயே திறப்பதில்லை. எதுவானாலும் சீட்டுதான், மாடிப்படிக் கைப்பிடியில் துணி கிளிப்பில் மாட்டியிருக்கும். எட்டு மாதத்தில் நாங்கள் நேரில் பேசியது "மழை வரும்போல" என்ற ஒரே வாக்கியம். அதுவும் இரண்டு பேரும் நனைந்துகொண்டிருக்கும்போது.

அந்த மழை பெய்து இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமைச் சீட்டில் இப்படி இருந்தது: "கம்பை எடுத்துவிடவும். ஞாயிற்றுக்கிழமைக்குள்."

களையைத்தான் எடுத்துவிட்டேனே! டிப்போவில் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏன்னு போய்க் கேளேன்பா. மாடி என்ன மலையா?"

"கேட்டு, ரூமையே காலி பண்ணுன்னுட்டா?"

"சீட்டு தைக்கறப்ப வாயையும் சேத்துத் தச்சுட்டியாடா?"

தைத்துத்தான்விட்டேன் போல. பதிலுக்கு ஒரு சீட்டு எழுதி மாட்டினேன்: "எடுத்துவிடுகிறேன். ரொம்ப ஆழமாக நட்டுவிட்டேன். கொஞ்சம் டைம் வேண்டும்."

மறுநாள் பதில் வந்தது. "ஆழமாக நட்டீர்களா!! வேரோடு எடுக்கவும். இனிமேல் அது தலைகாட்டக் கூடாது."

அவ்வளவு கோபம். கம்புக்கு வேர் ஏது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சிமென்ட்டைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஸ்பேனர் அண்ணனின் கடப்பாரையோடு இறங்கினேன். கூண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தோண்டினேன். துணிக்கொடியில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "இனிமே இங்க ஒண்ணுமில்ல, போங்க" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டேன். சிமென்ட் உடைந்தது, கம்பு சாய்ந்தது.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஐயையோ! என்னங்க பண்றீங்க?"

"கம்பை எடுக்கறேங்க."

"அதை ஏங்க எடுக்கறீங்க?"

"நீங்கதானேங்க எழுதினீங்க. வேரோட எடுன்னு."

"அந்தக் கம்புக்கு ஏதுங்க வேரு?"

"அதைத்தாங்க நானும் யோசிச்சேன்!"

ஜன்னலில் தலையைக் காணோம். அடுத்த நிமிஷம், ஜோடி மாற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். அவருடைய ரோஜாப் பாத்தியில், நெஞ்சுயரத்துக்கு, பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி கதிர் விட்டு ஒரு பயிர் நின்றது.

"இது என்ன?"

"கம்பு..." என்றேன். "திங்கற கம்பு."

"ரோஜா எங்கன்னு தேட வேண்டியிருக்கு! இதுல ஆழமா நட்டேன்னு வேற எழுதறீங்க. இந்த மனுஷன் சொல்லாம கொள்ளாம என் பாத்தியில வெவசாயம் பண்றாரேன்னு ரெண்டு நாளா நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

"நான் நடலீங்க, மழையில மிதந்து வந்த பறவைத் தீனிங்க" என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறைத்தார். அப்புறம் அவருக்கும் வந்துவிட்டது.

"அப்ப, கூண்டு இருக்கலாமாங்க?"

"டியூட்டிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அதுங்க போடற சண்டையைப் பாத்தாதான் எனக்குப் பொழுதே விடியும். அந்த வால் நீளமா ஒருத்தன் இருக்கானே, சரியான ரவுடி. ஆனா மண்ணு மேல வெக்காதீங்க. சிந்தினா முளைக்கத்தானே செய்யும்? துணி துவைக்கற தரையில வைங்க. அங்க சிந்தினா கூட்டித் தள்ளிடலாம்."

காலி பெயின்ட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பை அதில் நிறுத்தி, மண்ணும் கல்லும் போட்டு இடித்தோம். பிறகு பாத்தியில் குந்தி, முளைத்த கம்பை வேரோடு பிடுங்கினோம். பிடுங்கி முடிக்கும் வரை அவர் வாய் ஓயவில்லை. டெலிபோனில் வரும் பைத்தியக்காரக் கேள்விகளையெல்லாம் அதே குரலில் பேசிக் காட்டினார்.

"கூட்டறது யாருங்க?" என்றேன்.

"ஒத்தப்படைத் தேதி நீங்க, ரெட்டைப்படை நான்."

"முப்பத்தொண்ணும் ஒண்ணும் அடுத்தடுத்து வருமே. எனக்குச் சேந்தாப்பல ரெண்டு நாளாகுது."

"அதை அப்ப பேசிக்கலாம்."

அன்றைக்குத் தேதி பதினேழு. துடைப்பத்தை நான்தான் எடுத்தேன்.