முகம் திருப்பும் பாடம்

நாடக வகுப்புக்கு அக்காவை இழுத்து வந்ததே தம்பிதான். வாரம் முழுக்க ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடித்து மடித்து, அவளுக்குப் பேச்சே குறைந்துபோய்விட்டது என்று அவனுக்குக் கவலை. அத்தானும், "போய்ட்டு வாங்களேன், நல்லதுதானே" என்று சிரித்த முகமாகத்தான் அனுப்பிவைத்தார்.

நூலகத்து மாடியில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பதினோரு பேர் நின்றார்கள். முதல் இரண்டு வாரமும் வார்த்தைகளிலேயே போனது. என்ட்ரி என்றால் மேடைக்குள் வருவது. கியூ என்றால் நம் முறை வந்துவிட்டது என்று காட்டிக்கொடுக்கும் சொல்லோ சைகையோ. ப்ளாக்கிங் என்றால் யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது. தம்பி எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். அக்கா கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள்.

மூன்றாம் வாரம், கன்னத்தில் அடிக்கும் காட்சி.

"அறை விழுற சத்தத்துக்குப் பேரு நாப்," என்றார் வாத்தியாரம்மா. "கை கன்னத்துல படவே படாது. அடி வாங்குறவங்கதான் நெஞ்சுக்குக் கீழ கையத் தட்டணும், அதே நொடியில முகத்தத் திருப்பணும்."

"அடியும் வாங்கி, சத்தமும் நாமளே குடுக்கணுமா? இது எந்த ஊர் நியாயம்மா?" என்றார் கூடப் படிக்கும் டாக்ஸிக்காரர். அவர் முறை வந்தபோது முகத்தைத் திருப்பிவிட்டு, அப்புறம் சாவகாசமாகக் கை தட்டினார். அவரை அடிக்க வந்த பெண் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்தேவிட்டாள்.

அடுத்து அக்காவும் தம்பியும்.

"மெதுவா வாடா, உன் கை உலக்கை மாதிரி."

அவன் கையை ஓங்கினான்.

அக்கா கை தட்டவில்லை. அவன் கை பாதி தூரம் வருவதற்குள் அவள் முகம் திரும்பிவிட்டது. இடது தோள் காதுவரை ஏறியது. பல்லை இறுக்கியது தாடையில் தெரிந்தது. கண் மட்டும் மூடவில்லை. அவனுடைய இன்னொரு கை எங்கே என்று தேடியது.

எல்லாரும் கைதட்டினார்கள்.

"முன்னாடி மேடை ஏறியிருக்கீங்களாம்மா?" என்றார் வாத்தியாரம்மா. "நாப்ப மறந்துட்டீங்க. மத்தபடி அப்படியே அசல்."

"இல்லம்மா, டிவி பாக்குறதுதான்," என்று அக்கா சிரித்தாள்.

தம்பியின் கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது. இறக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்து படிக்கட்டில்தான் வாய் வந்தது. "அத்தானாக்கா?"

"நடிப்புடா, லூசு."

"பல்லக் கடிச்சுக்கணும்னு அவங்க சொல்லித் தரவே இல்லியேக்கா."

அக்கா கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள்.

"எப்பலேருந்து?"

"நீ நைட் ஷிஃப்ட்டுக்கு மாறினதுலேருந்து."

ஏழு மாதம். இரவெல்லாம் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, காலையில் அவள் போட்டு வைத்த டீயைக் குடித்து, அடித்துப் போட்ட மாதிரி அவன் தூங்கிய ஏழு மாதம். அத்தான் மாதிரி தங்கமான மனுஷன் உண்டா என்று அம்மாவிடம் போனில் அளந்ததும் அவனேதான்.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீயும் அவர் வீட்டுலதான்டா இருக்க."

அவன் அடுத்த படியில் கால் வைக்காமல் நின்றான்.

பின்னாலேயே டாக்ஸிக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன்."

ஏறினார்கள். வண்டி கிளம்பியது. "போன வாரம் விட்ட அதே வீடுதானே?"

இல்லை என்று சொல்லத் தம்பி வாயைத் திறந்தான். வேறு எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அங்க வேணாம்ணே," என்றாள் அக்கா. சலவைக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் விலாசத்தைச் சொன்னாள். தெரு, கட்டட எண், நாலாவது மாடி, லிஃப்ட்டை விட்டு இறங்கினால் இடது கைப் பக்கம் ரெண்டாவது கதவு, மணி அடிக்காது, தட்டணும். போனைப் பார்க்கவில்லை, எங்கேயும் தடுமாறவில்லை.

தம்பி அவளையே பார்த்தான். "நீ அங்க போயிருக்கியாக்கா?"

"இன்னும் இல்ல," என்றாள் அக்கா.