கவாத்து படாத தேயிலை

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் தேயிலை பூத்திருக்கிறது, இடுப்புக்கு மேல் வளரவிடாமல் காலமெல்லாம் வெட்டுகிற அதே தேயிலைதான், அதன் அடியில் நின்று, எஸ்டேட் நிலத்தை அளக்க வந்த சர்வேயர் கேட்கிறார், ஏம்மா, மயானம் மயானம்னு சொல்றீங்க, ஒரு கல்லைக்கூடக் காணோம், இது வெறும் காடுதானே, குருவம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது, நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவளிடம் தேயிலையைக் காடு என்கிறாரே இந்த மனுஷன், காடுன்னு எழுதிட்டா நாளைக்கே வேலி போட்டு ஓட்டல் கட்ட வர்றவனுக்குக் குடுத்துருவாங்க சார், எங்க ஆளுங்க எல்லாம் இங்கதான் படுத்திருக்காங்க, என்கிறாள்.

வேலைக்கு ஆள் பிடித்துவந்த கங்காணிக்குப் பின்னால் நடந்தே மலையேறிய முதல் கூட்டம், வெயில் காட்டில் பிறந்தவர்கள், முதல் மழைக்கே காய்ச்சலில் பதினோரு பேர் போனார்கள், முதலில் போனவள் பேர் வெயிலுகந்தாள், கல்லில் பேர் வெட்ட ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது, அவள் தலைமாட்டில் ஒரு தேயிலைக் கன்றை நட்டு, இதை மட்டும் எவனும் வெட்டக் கூடாது, இது இஷ்டத்துக்கு வளரட்டும் என்றார்கள், அன்றிலிருந்து ஆளுக்கொரு கன்று, இந்த மலையிலேயே தலை நிமிர்ந்த தேயிலை எங்களுடையதுதான், நினைத்தாலே குருவம்மாவுக்கு நெஞ்சு விரிகிறது, சர்வேயரோ, பேப்பர் ஏதாச்சும் இருக்கா, என்கிறார்.

பேப்பர், பேப்பர், கல்யாணமான புதுசு, அவள் புருஷன் சமுத்திரம் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து, தேயிலையை மட்டமாக வெட்டிவிடும் கவாத்து வேலையில் சேர்ந்தவன், வெட்டாத தேயிலை மேட்டில் கிடக்கிறதே என்று தானாகப் போய் ஏழு மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, பெரிய வேலை செய்த பெருமையோடு வருகிறான், அடப்பாவி, எங்க அப்பன் தலையையில்ல வெட்டிட்ட, என்று லயத்து வீட்டு வரிசையே கூடி அழுகிறது, பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டு மூன்று நாள் கொழுந்து பறிக்கவில்லை, கடைசியில் எஸ்டேட் துரை அவனுக்கு ஒரு மெமோ கொடுக்கிறார், அதைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தவன் சாகும்வரை இந்தப் பக்கம் குனிந்த தலையோடுதான் நடந்தான், ஐயோ, அந்த மெமோ!

மூச்சிரைக்க லயத்துக்கு ஓடி எடுத்து வருகிறாள், சர்வேயர் வாசிக்கிறார், எஸ்டேட் மயானத்தில் உள்ள ஏழு மரங்களை வெட்டிய குற்றத்துக்காக, கீழே கம்பெனி முத்திரை, தேதி, உள்ளே போய் அந்த ஏழு மரத்தையும் தேடுகிறார், இடுப்பளவில் கிளை பிரிந்து மேலே போன ஏழு மரங்கள், ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்கிறார், பிறகு காடு என்பதை அடித்துவிட்டு மயானம் என்று எழுதுகிறார்.

யாரும்மா இந்த சமுத்திரம்? எங்க வீட்டுக்காரர் சார், அந்தா இருக்கார், இடுப்பளவே வளர்ந்த ஒரு கன்றைக் காட்டுகிறாள், சர்வேயர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிப் போகிறார், அவள் குனிந்து கன்றின் நுனியைத் தொடுகிறாள், குனிஞ்சது போதும்ங்க, எல்லாரையும் நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க, இனிமே நல்லா நிமிர்ந்து வளருங்க.