மாதா வரும் நேரத்தில் அணைத்த பெட்டி

மெல்ச்சோருக்கு ஒரு கண்தான். இன்னொன்றைச் சின்ன வயதில் ஒரு புத்தாண்டு வெடி கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கிற ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவன் செய்யும் வேலை, ஓபி வேன் என்கிற ஒளிபரப்பு வண்டிக்கும் கேமராக்களுக்கும் நடுவே ஃபைபர் கேபிள் இழுப்பது. உனக்கு உலகத்தில் வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று நான் கேட்காத நாள் இல்லை.

"கெடச்சுது நெனி. ஆனா அங்கெல்லாம் நீ இல்லையே" என்பான். வேனில் இருக்கிற அத்தனை பேரும் ஊளையிடுவார்கள்.

எங்கள் ஊரில் இப்படித்தான். இரண்டு பேரைச் சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டால் கல்யாணமோ சாவோ வந்துதான் நிறுத்த வேண்டும். வெளிப்புற ஒளிபரப்பு இருக்கும் நாளெல்லாம் மெல்ச்சோர் விடியற்காலையில் வாழையிலை மணக்கச் சுடச்சுடப் பிபிங்கா என்கிற அரிசிக் கேக் கொண்டுவந்து என் மானிட்டர் பக்கத்தில் வைப்பான். சவுண்டு பார்க்கும் தாசியோ, "எங்களுக்கெல்லாம் பசிக்காதா அண்ணே?" என்று கேட்பான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தின்று முடிப்பேன். பதில் மட்டும் சொன்னதில்லை. கப்பல்காரன் ஒருவனைக் கட்டி, அவன் கடலோடு போன பிறகு, இனி எவனுக்காகவும் காத்திருப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதிலும் ஒற்றைக் கண்ணோடு ஃபைபரில் வேலை செய்கிறவனுக்காகவா?

இந்த இடத்தில் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மல்டிபிளக்சர் என்று பெயர். நாங்கள் மக்ஸ் என்போம். நாலு கேமராவின் படம், சத்தம், கேமராக்காரர்களோடு நாங்கள் ஹெட்செட்டில் பேசும் பேச்சு, எல்லாவற்றையும் தனித்தனி நிற வெளிச்சமாக மாற்றித் தலைமுடி மாதிரி ஒரே இழைக்குள் ஏற்றிவிடும். எங்கள் ஊர் ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றுவது போலத்தான். ஆனால் இதில் யாரும் யார் காலையும் மிதிப்பதில்லை.

அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அதன் அயோக்கியத்தனம். டார்ச் லைட்டை நேரே பார்த்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். இதைப் பார்த்தால் வெறும் இருட்டுத்தான் தெரியும், இமை சும்மா இருக்கும், வலிக்கவும் வலிக்காது. உள்ளே பொசுங்கிப்போனது அப்புறம்தான் தெரியவரும். வேறொரு டிவி நிலையத்தில் ஒரு கெட்டிக்காரன் கேபிளைக் கழற்றி, வெளிச்சம் வருகிறதா என்று குழாயைப் பார்ப்பது போல முனையைப் பார்த்தானாம். இன்று அவன் பேப்பர் படிப்பது ஓரக்கண்ணால்தான்.

அதனால் என் வேனில் என் சட்டம். கழற்றுமுன் வேனைக் கேள். 'அணைச்சாச்சு' என்று என் வாயிலிருந்து கேட்ட பிறகு கழற்று. கழற்றிய கையோடு மூடி போடு. வெளிச்சம் இருக்கிறதா என்று மீட்டரைக் கேள், கண்ணைக் கேட்காதே. பையன்கள் இதோடு ஒன்றைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். பெரிய மரத்தடியிலும் புற்றோரத்திலும் நடக்கும்போது, அங்கே கண்ணில் படாமல் குடியிருப்பவர்களிடம், "ஓரமாப் போய்க்கிறோம் பெரியவங்களே" என்று சொல்லிவிட்டு நடப்பது எங்கள் வழக்கம். ஃபைபர் முனையைத் தொடும்போதும் அதையே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை. பயம் எந்த ரூபத்தில் வந்தாலும் எனக்குச் சம்மதம்.

செப்டம்பரில் மாதாவின் ஆற்றுப் பவனி. அலங்கார மிதவையில் மாதாவை ஏற்றி, படகுக்காரர்கள் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு கரையிலும் எள் விழ இடமிருக்காது. எங்களுக்கு எட்டு கேமரா. இக்கரையில் நாலு, அது ஏ லைன். அக்கரையில் நாலு, அது பி லைன். பி லைன் பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு போவதால் தூரம் அதிகம், அதற்காக வெளிச்சத்தின் பலத்தையும் கூட்டியிருந்தோம். வேனில் இரண்டு லைனுக்கும் ஒரே பெட்டி, ஒரே சுவிட்ச். தனித்தனியாக வேண்டும் என்று நான் கேட்காமலில்லை. அடுத்த வருஷம் என்றார்கள். நிலையங்களில் அடுத்த வருஷம் என்பதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

மெல்ச்சோர் அக்கரையில், பி லைனின் மறுமுனையில் இருக்கும் பெட்டிப் பக்கத்தில். நான் இக்கரையில், கோயில் ஓரமாக நின்ற வேனில். என் இடதுபக்கம் டைரக்டர் எஃப்ரன். வலதுபக்கம் வர்ணனை சொல்ல வந்திருந்த பாதிரியார் ஃபாதர் அம்ப்ரோசியோ, முன்னால் மைக்கோடு.

மாதா வளைவு திரும்பும் நேரம் பார்த்து அக்கரைப் படங்கள் நாலும் சேர்ந்து துடித்தன, உடைந்தன, போயின.

"நெனி! என்ன ஆச்சு?" எஃப்ரன் கத்தினார்.

"பி லைன் சார். யாரோ கேபிளை இழுத்திருக்காங்க. ஏ லைன வெச்சு ஓட்டுங்க."

ஹெட்செட்டில் மெல்ச்சோரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எப்படி இருக்கும்? பேச்சும் அதே இழையில்தானே போகிறது. கைப்பேசியை எடுத்தேன். ஊரே ஒரே நேரத்தில் ஊருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது, எனக்கு லைன் எங்கே கிடைக்கும்? தாசியோவிடம், "மூணாம் கேமராவ அக்கரைக்குத் திருப்பச் சொல்லுடா, மெல்ச்சோர் நிக்கற எடத்துக்கு" என்றேன்.

மூன்றாம் மானிட்டரில் அக்கரை கிட்டே வந்தது. கைக்குட்டைகள், மெழுகுவர்த்திகள், பொரித்த வாழைப்பழம் விற்கும் கடை, அதன் காலடியில் எங்கள் பெட்டி. குந்தி உட்கார்ந்திருந்தான் மெல்ச்சோர். வேனிலிருந்து வரும் இழையை ஏற்கெனவே கழற்றியிருந்தான். அதன் முனை அவன் வலதுகையில் இருந்தது. என் வாயிலிருந்து 'அணைச்சாச்சு' கேட்காமலே கழற்றியிருந்தான்! அந்த இழையின் இந்தப் பக்கத்தில் என் பெட்டி முழுப்பலத்தோடு வெளிச்சத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"மூடி போடுறா பாவி" என்று மானிட்டரைப் பார்த்துச் சொன்னேன்.

அவன் கை மேலே எழுந்தது. முகத்துக்கு நேராக. அந்தக் கண்ணுக்கு நேராக.

சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அமுக்கினால் மிச்சமிருக்கிற நாலு கேமராவும் போகும். மாதா சரியாகக் கோயிலுக்கு எதிரே வந்துகொண்டிருந்தாள். நோயாளிகளும் நடக்க முடியாதவர்களும் வருஷம் முழுக்கக் காத்திருந்து வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற அந்த ஒரு நிமிஷம். எனக்கு எல்லாம் தெரியும். அமுக்கினேன்.

வேனுக்குள் அத்தனை திரையும் கறுத்தன. மூன்றாம் மானிட்டரும்தான். அவன் கை எதுவரை போனது, நான் முந்தினேனா, அந்தக் கண் முந்தியதா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. எஃப்ரன் என்னென்னவோ கத்தினார், ஒன்றும் காதில் ஏறவில்லை. வெளியே கரையிலிருந்து "வாழ்க! வாழ்க!" என்ற முழக்கம் மட்டும் கேட்டது. நான் எழுந்து நின்று, கும்பிட்டு, கதறினேன்.

"அம்மா! அவன் கண்ணக் காப்பாத்திக் குடு! அந்த ஒத்தக் கண்ண மட்டும் விட்டுடு! நான் அவனக் கட்டிக்கிறேன், சத்தியமாக் கட்டிக்கிறேன்!"

"ஆமென்" என்றார் ஃபாதர், பழக்க தோஷத்தில்.

அப்போதுதான் தாசியோவின் முகத்தைப் பார்த்தேன். படம் போனவுடன், ஜெபம் சொல்லியாவது ஜனங்களைப் பிடித்து வைக்கட்டும் என்று அவன் ஃபாதரின் மைக் சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டிருந்தான். கேமராவைத்தான் நான் அணைத்தேன். மைக் வேனுக்குள் அல்லவா இருக்கிறது? மாகாணம் முழுக்க, கறுத்த திரையில், என் நேர்த்திக்கடன் ஓடியிருந்தது. பாதிரியாரின் ஆமெனோடு.

"அக்கா" என்றான் தாசியோ. "அக்கா, மைக்க எறக்கறதுக்குள்ள..."

"அதவிடு. அவன் நல்லாருக்கானா? அதச் சொல்லு!"

பெட்டியை மறுபடி போட்டால் விசுவாசப் பிரமாண ஜெபத்தை ஒருமுறை சொல்லி முடிக்கிற நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மறுமுனை மாட்டியாயிற்று என்று தெரியாமல் நான் போட மாட்டேன். எஃப்ரன் என் தோளை உலுக்கினார். போட மாட்டேன் என்றேன். வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார். தூக்குங்கள் என்றேன். அதற்குள் ஏ லைன் கேமராக்காரன் ஒருவன் ஓடிவந்து வேன் கதவைத் தட்டினான். "அக்கா, மெல் அண்ணன் அக்கரையில ரெண்டு கையையும் தூக்கிக் காட்டறாரு. கை ரெண்டும் காலி. மாட்டிட்டேங்கறாரு."

போட்டேன். எட்டுத் திரையும் ஒவ்வொன்றாகத் திரும்பின. மாதா இன்னும் கோயிலைக் கடக்கவில்லை. எஃப்ரன் அவளைத் திரையில் ஏற்றினார். நான் மூன்றாம் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைப்பழக் கடைக்காரியும் சுற்றி நின்றவர்களும் மெல்ச்சோரின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரியின் சின்ன டிவியில் அவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அவன் கேமராவை நேராகப் பார்த்தான். பார்த்தான்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பவனி முடிந்து கேபிள் சுற்றும் நேரத்தில் படகில் வந்து இறங்கினான். பையன்கள் விசிலடித்தார்கள். நான் அவனை வேனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்னக் கேக்காம ஏன் கழட்டின?"

"நாலு கேமரா போச்சு, அம்மா வர்றாங்க. பேச வழியில்ல. என்ன பண்ணச் சொல்ற?"

"காத்திருக்கச் சொல்றேன்! கண்ணுக்கு நேரா ஏன் தூக்கின?"

அவன் விழித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "கண்ணுக்கு எங்க தூக்கினேன்? அம்மா கோயிலுக்கு எதிர வந்தாங்க. எல்லாரும் சிலுவை போட்டாங்க. நானும் நெத்தியில போட்டேன். முனை கையில இருந்துது, கீழ வெக்கத் தோணல."

மாதா வரும்போது சிலுவை போடாத கை எங்கள் ஊரில் ஏது? நானே அந்த நேரத்தில் பாதி போட்டிருப்பேன்.

மெல்ச்சோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னொண்ணும் சொல்லணும் நெனி. சொல்லாம இருந்துடலாம்னு படகுல வர்றப்ப நெனச்சேன். முடியல. கழட்டின உடனே நான் மூடி போட்டுட்டேன். நீ பாத்தப்ப மூடி இருந்துது. சின்னது, கேமராவுல தெரிஞ்சிருக்காது. என் கண்ணுக்கு ஆபத்தே வந்திருக்காது. அதனால நீ வேண்டிக்கிட்டது செல்லாது. ஃபாதர்கிட்ட நானே சொல்லிடறேன். உன்ன யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க."

அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மாகாணமே என்னை அவனிடம் ஒப்படைத்திருக்கும். இவனோ எனக்கு வெளியே போகிற கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கண்ணை அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். ஈரமாக இருந்தது, முழுசாக இருந்தது. எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. எப்போதிலிருந்தோ பிடித்திருந்தது.

"மெல்ச்சோர்."

"ம்."

"மூடி போட்டிருந்தத யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உங்கிட்டதான் மொதல்ல."

"இனிமேலும் சொல்லாத" என்றேன்.