மேயரைப் பார்க்க வந்த மரங்கள்

காய்ந்துபோன முதல் ஆலிவ் மரம் தொர்ரெமாரா நகராட்சி அலுவலகத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு. செவ்வாய்தான் மேயர் பொதுமக்களைச் சந்திக்கும் நாள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை யார் வேண்டுமானாலும் வரலாம். பிஷப்பின் தம்பி மகனே வந்தாலும் முறைப்படி நிற்கத்தான் வேண்டும். நடைக்குள் நுழைகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்டு, கை தூக்கியவருக்குப் பின்னால் தன் இடம் என்று மனதில் வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். மரம் கேட்கவில்லை. வேர்களைப் பாவாடை போலக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு படியேறி வந்து சுவரோரம் நின்றது. ஓய்வூதிய விஷயமாக வந்திருந்த நுன்சியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடைசி யாருன்னு கேக்கணும்னு தெரியாதா? பெரிய மகாராணி!" என்றாள். "விடுக்கா, மரம் எப்படிப் பேசும்?" என்றான் கடைநிலை ஊழியன் தொனாத்தோ. "பேசாட்டி என்ன, ஒரு கிளையையாவது ஆட்டலாம்ல!" பதினோரு மணிக்கு அதன் முறை வந்தது. உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றது. மேயர் ஒரோன்சோ கிளைகளைக் கவாத்து செய்திருந்த விதத்தைப் பார்த்தார். நடுவைக் காலியாக விட்டுக் கிண்ணம் போல வெட்டுவது பக்கத்து ஊரான காம்பிலோங்கோக்காரர்கள் மட்டும்தான். "என்ன வேணும்?" என்று கேட்டார். மரம் பத்து நிமிஷம் நின்றது, இரண்டு இலை உதிர்த்தது, போய்விட்டது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் தலைநகரிலிருந்து ஒரு சட்டம் வந்திருந்தது. பூச்சி பரப்பும் உலர்நோய் கண்ட மரம் ஒன்று இருந்தால், அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் நிற்கும் எல்லா ஆலிவ் மரங்களையும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேரோடு எடுத்துவிட வேண்டும். சொந்தக்காரரைக் கேட்கத் தேவையில்லை. அவர் முறையிடவும் வழியில்லை. மேயர் கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் பதினைந்து நாள் ஒட்டி வைத்தால்தான் அந்த ஊரில் வேலை தொடங்கும். வரம்பு மீறிய சட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஒரோன்சோ மேயருக்குரிய மூவர்ணப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தார். எல்லாரும் பார்க்க உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "ரோம்ல உக்காந்துக்கிட்டு நம்ம தோப்புல எந்த மரம் நிக்கணும்னு சொல்றதுக்கு இவங்க யாரு? நான் கையெழுத்துப் போட மாட்டேன்!" என்றார். கைதட்டலில் கோயில் புறாக்கள் பறந்துபோய்ச் சாயங்காலம்வரை திரும்பவில்லை. பாண்டு வாத்தியக்காரர்கள் காசு வாங்காமல் வாசித்தார்கள். கைதட்டாதவர் ஊரில் ஒருவரும் இல்லை; இதைச் சொல்கிற நானும் தட்டினேன்.

மறுநாள் மாவட்ட ஆட்சியர் போனில் கூப்பிட்டார். "மேயரே, சட்டம் என்ன ஓட்டல் பட்டியலா, புடிச்சதை மட்டும் எடுத்துக்க?" என்றார். "நல்லா காய்க்கிற மரத்தை வெட்டுன்னா அதை நான் எப்படிச் சட்டம்னு சொல்றதுங்க? மக்கள் என்னைத்தான தேர்ந்தெடுத்தாங்க, உங்களை இல்லையே," என்றார் ஒரோன்சோ. "காம்பிலோங்கோ மக்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கலையே. பூச்சி அங்க போனா அவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்று ஆட்சியர் கேட்டார். ஒரோன்சோ, லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சதுக்கத்துப் பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே ஆய்வுக்கூடத்திலிருந்து மேயர் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஊரின் வடக்கு ஓரத்தில் பதினெட்டு மரங்களுக்கு நோய் உறுதி. அவற்றை எடுக்காவிட்டால் மே மாதத்துக்குள் நோயைப் பரப்பும் நுரைப்பூச்சி காம்பிலோங்கோ தோப்புகளுக்குத் தாண்டிவிடும். ஒரோன்சோ அதை இரண்டு முறை படித்து, இழுப்பறையில் பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் வைத்தார். அந்தப் பதினெட்டை வெட்டிவிட்டு, மற்றதைத் தொட விட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படி மறுத்திருந்தால் அந்த மறுப்பை இந்த ஊர் இன்றைக்கும் தலைநிமிர்ந்து பேசிக்கொண்டிருக்கும். ஆனால் பதினெட்டை வெட்டலாம், மீதியை விடலாம் என்று கணக்குப் பேசுகிறவனுக்கு யாரும் பாண்டு வாசிப்பதில்லை. தேர்தலுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

முதல் மரத்துக்குப் பிறகு வாரத்துக்கு மூன்று, நான்கு என்று வரத் தொடங்கின. மாகாணச் சாலையில் வலது ஓரமாகவே வந்தன, சிவப்பு விளக்கில் நின்றன. போக்குவரத்துக் காவலருக்குக் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தொனாத்தோ அவற்றின் கிளையில் வரிசை எண் சீட்டைச் செருகிவிடப் பழகினான். மேயரைப் பார்த்து முடித்தவை ஊருக்கு வெளியே கால்பந்து மைதானத்தில் போய் நின்றுகொண்டன. உள்ளூர் அணி மரங்களுக்கு நடுவே பந்தைக் கடத்தி ஆடக் கற்றுக்கொண்டு அந்த வருஷம் இரண்டாம் இடம் பிடித்தது. மறுத்த ஆறு வாரத்தில் நடந்த தேர்தலிலேயே ஒரோன்சோவுக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று வாக்கு விழுந்திருந்தது. அக்கம்பக்கத்து மேயர்கள் அவரிடம் மறுக்கக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஒருவர், ஆற்றுப் படுகையில் வீடு கட்டக் கூடாதென்ற சட்டத்தை ஒரோன்சோ பேரைச் சொல்லியே மறுத்துவிட்டு, அங்கே மச்சானுக்கு மாடிவீடு எழுப்பினார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று பாலாடைக்கட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஒரோன்சோ அதை வாங்கிக்கொண்டார். வாங்கிய கையை அன்று முழுக்கக் கழுவிக்கொண்டே இருந்தார் என்று அவர் மனைவி சொன்னாள்.

மரங்களில் ஒவ்வொன்றையும் அவர் பயந்து பயந்துதான் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய அக்கா அசுந்தா வாழ்க்கைப்பட்டிருந்தது காம்பிலோங்கோவில். புருஷன் போன பிறகு தொண்ணூற்று நான்கு மரங்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, டிசம்பர் தோறும் தம்பி வீட்டுக்கு ஒரு டின் எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தவள். ஒரு டிசம்பரில் டின் வரவில்லை. ஒரோன்சோ கடையில் பிளாஸ்டிக் பாட்டிலில் எண்ணெய் வாங்கினார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பிறகு அசுந்தாவின் மரங்கள் வரத் தொடங்கின. மூன்று வருஷத்தில் தொண்ணூற்று மூன்று வந்தன. தொண்ணூற்று நான்காவது வந்த செவ்வாயன்று, அதே நேரத்துக்குப் பேருந்தில் வந்து இறங்கினாள் அசுந்தா.

"என்னக்கா, இங்க வந்திருக்க? வீட்டுக்கு வந்திருக்கலாம்ல," என்றார் ஒரோன்சோ.

"வீட்டுக்குத் தம்பியைப் பாக்க வருவேன். இன்னைக்கு மேயரைப் பாக்க வந்திருக்கேன். பூச்சி எங்க பக்கம் வரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

மரம் அவளுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரோன்சோ இழுப்பறையைத் திறந்து, நாட்காட்டிகளைத் தள்ளி, கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அசுந்தா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள். தேதியை மட்டும் திரும்பப் படித்தாள்.

"மார்ச் ஒம்பது. அந்த ஞாயித்துக்கிழமை நீ என் வீட்டுல சாப்பிட்டடா. ரெண்டு தடவை எண்ணெய் கேட்டு வாங்கி ரொட்டில ஊத்திக்கிட்ட."

ஒரோன்சோ இழுப்பறையை மூடினார்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னது தப்புன்னு நான் சொல்லல. உன் இடத்துல இருந்திருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா."

அவர் எழுந்து கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி முகப்புக்குப் போனார். கீழே சந்தை நடந்துகொண்டிருந்தது. கடிதத்தைத் தேதியிலிருந்து கடைசி முத்திரைவரை உரக்கப் படித்தார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மறைச்சேன். சட்டம் தப்பு, ஆனா நான் அதுக்காக மறுக்கல. நீங்க கைதட்டுவீங்கன்னு மறுத்தேன்," என்றார். மீன்காரர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் எங்கிருந்தோ ஒருவர் கைதட்டினார். பிறகு இன்னொருவர். "என்ன மனசு பாரு! எந்த அரசியல்வாதி இப்படி ஒத்துக்குவான்?" என்றாள் நுன்சியா. சதுக்கம் முழுக்கத் தட்டியது. ஒரோன்சோ "தட்டாதீங்க, தட்டாதீங்க" என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அசுந்தா கூட்டத்துக்குள் புகுந்து, யாரையும் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். கைதட்டாதவள் அவள் ஒருத்திதான்.

அன்று மாலையே அவர் பதவியை விட்டார். அடுத்த வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள்; நோய் கண்ட மரத்தை மட்டும் எடுத்தால் போதும், சொந்தக்காரரைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஒரோன்சோ சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரிதான் என்று பத்திரிகைகள் எழுதின. அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு எதுவும் இருந்திருக்காது. இப்போது மேயராக இருப்பவர் மருந்துக்கடைக்கார அம்மா. மரங்கள் இன்னும் வருகின்றன. அவரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று பொறுமையாகப் பார்க்கிறார். ஒரோன்சோவும் செவ்வாய்தோறும் வருகிறார். சுவரோரம் மரங்களோடு நிற்கிறார். தன் எண்ணைக் கூப்பிட்டால் பின்னால் நிற்கும் மரத்தை முன்னே அனுப்பிவிடுகிறார். இன்றுவரை உள்ளே போனதில்லை. பன்னிரண்டு மணிக்குத் தொனாத்தோ சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்து, "நேரமாச்சு, மீதிப் பேர் அடுத்த வாரம் வாங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறான். மரங்கள் படியிறங்குகின்றன. ஒரோன்சோவும் அவற்றோடு இறங்கிப் போகிறார்.