கட்டெறும்புக்கும் ஒரு தாத்தா

ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கென்று கட்டம் போட்டுவைத்த புண்ணியவான் யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் தேசம்மா அரிவாள்மணையாலேயே பதில் சொல்லியிருப்பாள்.

கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவன் ரங்கூன் கப்பலேறிப் போய்விட்டான். அவள் கையில் நாற்பது நாள் ஆண்குழந்தை. சங்கதி தெரிந்த அன்றே அவளுடைய அப்பா மிக்கேல் பேச்சை நிறுத்திவிட்டார். இன்று அடையாற்று முகத்துவாரத்துக் கோயில்வரை வந்தார், வாசற்படியைத்தான் தாண்டவில்லை.

அப்பன் பேரைச் சொல், இல்லாவிட்டால் 'தகப்பன் தெரியாது' என்று எழுதுவேன் என்றார் பதிவேடு எழுதும் உபதேசியார். எழுதிவிட்டால் போச்சு. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதானாலும் பெண் பார்ப்பதானாலும் அந்த ஏட்டைத்தான் புரட்டுவார்கள். ஓடிப்போனவன் பெயரைச் சொல்லவும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

அவள் பங்குச் சாமியார் பக்கம் திரும்பினாள். சாமியார் தம் அறையில் கண்ணாடிப் பெட்டி வைத்துக் கட்டெறும்பு வளர்ப்பவர். கேட்க ஆள் அகப்படாமல், பெருக்க வரும் தேசம்மாவிடம் எறும்பு வம்சம் முழுவதையும் கொட்டித் தீர்ப்பார்.

"சாமி, ஆம்பள தொணை இல்லாம ராணி எறும்பு போடற முட்டைல இன்னா பொறக்கும்னு சொன்னீங்க?"

சாமியார் இருமினார். உபதேசியாரின் முகத்தைப் பார்க்காமல், ஆண் எறும்பு என்றார். பெண் எறும்புக்குத்தான் அப்பன் உண்டு, ஆணுக்குத் தாய் மட்டுமே என்றும் ஒப்புக்கொண்டார்.

"அத்த படைச்சது ஆண்டவருதான? அவரு அப்பன் பேரு கேக்காமதான படைச்சாரு. இவரு இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீறாரு?"

எறும்பும் மனுஷனும் ஒன்றா என்று உபதேசியார் குதித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இத்தனை வருஷப் பிரசங்கத்தில் தாம் சொன்னதை மறக்காத ஒரே ஆத்மாவைக் கண்ட சந்தோஷத்தில் சாமியாருக்கு நியாயம் காதில் விழவில்லை. பேனாவைப் பிடுங்கி, 'தகப்பன்' என்பதை அடித்தார். ஆண் எறும்புக்கு அப்பன் இல்லாவிட்டாலும் தாயைப் பெற்ற தாத்தா உண்டு என்று சொல்லி, மேலே 'தாத்தா' என்று எழுதிவிட்டு வாசலைப் பார்த்தார்.

இதைத் தேசம்மா யோசிக்கவே இல்லை. அப்பா வாய் திறக்காவிட்டால் கட்டம் காலிதான்.

மிக்கேல் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மிக்கேல்னு எழுதுங்க சாமி. கொஞ்சம் பெருசாவே எழுதுங்க."

பிறகு ஏழு மாதத்தில் முதல் தடவையாக மகளைப் பார்த்துப் பேசினார்.

"புள்ளைய இப்டி குடு. எம்மா நேரம் தூக்கிக்கினு நிப்ப?"