ஏழாவது லெவல் பள்ளம்

ஒசாகாவில், ஜூசோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீடியோ கேம் கம்பெனியில் ஃபுமியேவுக்குப் பட்டப்பெயர் பேய். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அவளுக்கு வருத்தமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இருபத்துமூன்று வயதில், ‘கருநரி’ ஆட்டத்தின் ஏழாவது லெவலைக் கட்டியவள் அவள். அதில் ஒரு பள்ளம் உண்டு. தாவினால் ஏறி இறங்கும் ஒரு பலகைமேல் போய் விழ வேண்டும், ஆனால் பலகை திரைக்கு வெளியே இருக்கும், கண்ணுக்கே தெரியாது. எத்தனை பிள்ளைகளின் கோடை விடுமுறையை அது தின்றது என்று கணக்கே கிடையாது.

இப்போது அதே ஆட்டத்தைப் புதிதாகச் செய்கிறார்கள். வெளியீட்டுக்குக் கொடுக்க இரண்டு வாரம்தான் பாக்கி. இந்த நேரம் பார்த்து, பள்ளத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று ஃபுமியே பிடிவாதமாக நின்றாள். புது ஆட்டத்தின் இயக்குநர் தொகிதா பதறிப்போனான்.

“அதுல மட்டும் கைய வெக்காதீங்க, ஃபுமியே-சான். கும்புட்டுக் கேக்கிறேன்.”

“ஏன், உங்க தாத்தாவ அங்கதான் பொதச்சு வெச்சிருக்கியா?”

“சிரிக்காதீங்க. இப்ப வர்ற ஆட்டமெல்லாம் பாருங்க. விழுந்தா தூக்கி, தூசி தட்டி, விளிம்புலயே நிறுத்துது. கால் நழுவின பொறவும் தாவ விடுது. அப்பல்லாம் மூணு உயிர்தான். போச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து. பதினோரு வயசுல அந்தப் பள்ளத்த நான் தாண்டுனேன். எங்க அண்ணன் தாண்ட முடியாம கன்ட்ரோலரத் தூக்கி எறிஞ்சான். அதோட என்கூட ஆடுறதயே விட்டுட்டான். முடிஞ்சவன் முடிஞ்சவன்தான், முடியாதவன் முடியாதவன்தான்.”

கடைசி வார்த்தை ஃபுமியேவுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த அண்ணனுக்கு அப்போது பதினாலு வயசு இருக்குமா? பாவி, இத்தனை வருஷம் இந்த வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. ஒரு லெவல் கஷ்டம் என்று குறை சொல்பவர், எல்லோர் முன்னாலும் ஒரே உயிரில், ஒரு தடவைகூடத் தோற்காமல், அதை ஆடிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கலாம். “ஐம்பத்தெட்டு வயசுல எதுக்கு?” என்று தொகிதா இழுத்தான்.

“நாளைக்குக் காலையில, கூட்டம் முடிஞ்சதும். பழைய மெஷினையும் அதுல சொருகுற பழைய கார்ட்ரிட்ஜையும் எடுத்து வை” என்றாள். அவள் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

மறுநாள் பத்தொன்பது பேரும் சுற்றி நின்றார்கள். ஃபுமியே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் அவள் குதிகால் தரையைத் தட்டியது. டொம், டொம், டொடொம். தாவினாள். தாண்டினாள். திரும்ப வந்து இன்னொரு தடவை தாண்டினாள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டே தாண்டினாள். அறை அதிரக் கைதட்டினார்கள்.

“பாத்தீங்களா! தாண்டக்கூடியதுதான்!” தொகிதாவுக்கு ஒரே குஷி.

“கைதட்டுனது போதும். என் காலப் பாத்தீங்களா யாராச்சும்?”

யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் திரையிலேயே இருந்தது.

“அந்த எடத்துல ஒரு மேளம் இருந்துச்சு. மேளத்துக்குத்தான் பலகை ஏறி எறங்கும். கேட்டுக்கிட்டே தாவணும், அதுதான் நான் கட்டுனது. கார்ட்ரிட்ஜ்ல எடம் பத்தல, கடைசி வாரம் மேளத்தத் தூக்கிட்டோம். தூக்கிட்டு எல்லாரும் ஆடிப் பாத்தோம். ஒருத்தரும் விழல. எட்டு மாசம் கேட்ட மேளம், எங்க காதுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது இல்லங்கிறதே எங்களுக்கு உறைக்கல. கடையில வாங்கிட்டுப் போன புள்ளைங்க காதுல அது ஏது?”

“ஏன் சொல்லல?” என்றான் தொகிதா.

“பத்திரிகைக்காரன் என்னப் பேய்னு எழுதுனான். சொகமா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன். வெக்கமாத்தான் இருக்கு, போதுமா?”

தான் ஏற்கெனவே மேளம் சேர்த்து வைத்திருந்த புது ஆட்டத்தை அவளே ஓடவிட்டாள். வரவேற்பில் உட்காரும் ஷிமனோ அம்மாள் கன்ட்ரோலரையே தலைகீழாகப் பிடித்தவள். முதல் தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை மேளத்தோடு தலையை ஆட்டி ஆட்டித் தாவி, “ஐயோ, தாண்டிட்டேன்!” என்று குதித்தாள். அடுத்து தொகிதா உட்கார்ந்தான். விழுந்தான். மறுபடியும் விழுந்தான். மேளமே இல்லாமல் அவன் தனக்கென்று எண்ணி வைத்திருந்த கணக்கை இந்த மேளம் குழப்பியது. எல்லோரும் சிரித்தார்கள், அவன் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப அந்தக் கோடை பூரா நான் எதத் தாண்டுனேன்?”

“நாங்க செஞ்ச தப்ப. தாண்டுனது நீதான், அத உங்கிட்டேருந்து யாரும் பிடுங்க முடியாது. ஆனா தாண்டாதவன மட்டமா பேசாத. அவன்மேல ஒரு குத்தமும் இல்ல.”

தொகிதா கன்ட்ரோலரை மெல்லக் கீழே வைத்தான். “மேளம் இருக்கட்டும்” என்றான். பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தான்.

“அண்ணே, நான்தான். இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ‘கருநரி’ ஞாபகம் இருக்கா?”

அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்தில் நின்ற ஃபுமியேவுக்கும் கேட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்த மனிதர்.

“ஏழாவது லெவலா?”

“ஆமாண்ணே. அது உன் தப்பில்ல.” தொகிதா கீழே வைத்த கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்தான்.

ஃபுமியே போனுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். அப்புறம் அந்தக் குரல் கேட்டது:

“ஞாயித்துக்கிழமை வர்றேன். கன்ட்ரோலர் ரெண்டு இருக்குதானே?”